கொடுத்தவர் திரும்பிய பின்னும் தங்கும் கொடை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

     

உலகின் பெரிய வணிக நிறுவனங்கள் சில, தம் ஊழியர்களைச் சம்பளத்துடன் பிற நாடுகளுக்கு அனுப்பி, அவர்கள் கற்ற தொழிலையே தொண்டாக வழங்கச் செய்கின்றன. இம்முறையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கின்றார்கள். நம் மஹல்லாவின் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய நிறுவனங்களில் பணிபுரிகின்றார்கள். நாளை அவர்களில் ஒருவரை இப்பணிக்கு அழைக்கலாம். மறுபுறம், நமக்கு அறிமுகமான ஒரு பள்ளியோ மருத்துவமனையோ இத்தகைய உதவியைப் பெறவும் நேரலாம். கொடுப்பவராக இருப்பினும் பெறுபவராக இருப்பினும் இதன் நன்மையையும் குறையையும் அறிந்திருப்பது நல்லது.

மூவகை உதவி

பிறருக்கு உதவுவதில் மூன்று வகை உண்டு. கையில் உள்ள பொருளைக் கொடுப்பது ஒன்று. உடலுழைப்பைக் கொடுப்பது மற்றொன்று. கற்றுத் தேர்ந்த தொழிலைக் கொடுப்பது மூன்றாவது. முதலிரண்டும் நமக்கு நன்கு பழக்கமானவை. வெள்ளம் வந்தால் அரிசி மூட்டைகளை அனுப்புகின்றோம். பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்க இளைஞர்கள் திரண்டு வருகின்றார்கள்.

பட்டயக் கணக்கர் ஒருவர் விடுமுறை நாளில் தூரிகை ஏந்தி அந்தச் சுவருக்கு வண்ணம் பூசுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அதே பள்ளியின் கணக்கேடுகள் மூன்றாண்டுகளாகத் தணிக்கை செய்யப்படாமல் கிடக்கின்றன. அதனால் வரவேண்டிய மானியமும் நின்றுபோயிருக்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். வண்ணம் பூசியது நற்செயலே. ஆயினும் அப்பள்ளிக்கு அவரிடமிருந்து கிடைத்திருக்க வேண்டிய உதவி வேறு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

கணக்கியல் உலகமே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அமெரிக்காவின் நிதிக் கணக்கியல் தரநிலை வாரியம் 1993ஆம் ஆண்டில் 116ஆம் எண்ணுள்ள தரநிலையை வெளியிட்டது. தொண்டு நிறுவனம் ஒன்று தனக்கு இலவசமாகக் கிடைத்த சேவையை எப்பொழுது தன் கணக்கில் வரவாக எழுதலாம் என்பதை அது வரையறுத்தது. கட்டடம் போன்ற சொத்தை உருவாக்கும் பணிகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. அச்சேவைக்குச் சிறப்புத் திறன் தேவைப்பட வேண்டும். அத்திறன் உடையவரே அதைச் செய்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்காதிருந்தால் விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய சேவையாகவும் அது இருக்க வேண்டும். நாம் கூறிய கணக்கர் கணக்கை எழுதிக் கொடுத்தால் அது வரவு. வெறுமனே வண்ணம் பூசினால் அது அன்பின் அடையாளமாக நிற்கும், பேரேட்டில் இடம்பெறாது.

ஆழிப்பேரலையின் பாடம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நம் கடற்கரை மக்கள் மறக்க இயலாது. அன்று நாகப்பட்டினம் முதல் ஆச்சே வரை கடல் ஊருக்குள் புகுந்தது. அடுத்த சில நாள்களில் உலகெங்கிலுமிருந்து உதவிப் பொருள்கள் குவிந்தன. நாகைப் பகுதியில் பழைய துணி மூட்டைகள் சாலையோரங்களில் மலைபோல் கிடந்ததை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். பிறர் உடுத்திக் கழித்த துணியை ஏற்க மீனவக் குடும்பங்கள் மனம் ஒப்பவில்லை. அனுப்பியவர்களின் இரக்கத்தில் குறையில்லை. எவருக்கு என்ன தேவை, எது எங்கே இருக்கின்றது, எந்த வழியாக எப்பொழுது போய்ச் சேரும் என்பதைக் கணித்து நடத்துவோர் போதவில்லை.

பேரிடர்க் காலத்தில் பொருளைத் திரட்டுவதைக் காட்டிலும் அதை உரிய கைக்குக் கொண்டு சேர்ப்பதே கடினம். விமான நிலையத்தில் சரக்கை இறக்கவும், சுங்க ஆவணங்களை முடிக்கவும், கிடங்கில் வகைபிரித்து அடுக்கவும், லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்பவும் பயிற்சி பெற்றோர் வேண்டும். அந்தப் பயிற்சி நாள்தோறும் பொதிகளை அனுப்பிப் பிழைக்கும் வணிக நிறுவனங்களிடம் இருக்கின்றது. அதைத் தொண்டாகப் பெற முடியுமா என்ற வினாவிற்கு, ஆழிப்பேரலைக்கு இரண்டாண்டுகள் முன்னரே ஒரு விடை உருவாகியிருந்தது.

ரோமாபுரியில் ஒரு கூட்டணி

ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இதன் தலைமையகம் இத்தாலியின் ரோம் நகரில் உள்ளது. போராலும் பஞ்சத்தாலும் வாடும் மக்களுக்கு உணவு சேர்ப்பதே இதன் பணி. 2020ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு இவ்வமைப்பிற்கு வழங்கப்பெற்றது.

நெதர்லாந்து நாட்டின் அஞ்சல் மற்றும் பொதி விநியோக நிறுவனம் ஒன்று அப்பொழுது டி.பி.ஜி. என்றும் பின்னர் டி.என்.டி. என்றும் அழைக்கப்பெற்றது. பீட்டர் பாக்கர் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தபொழுது, நிறுவனத்தின் பெயரால் எந்த நற்பணிக்குத் துணைநிற்கலாம் என்று பல அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இறுதியில் உலக உணவுத் திட்டத்தைத் தேர்ந்தனர். பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பது இருவருக்கும் பொதுவான தொழில் என்பதே அதற்குக் காரணம். 2002 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் யூரோ மதிப்பிலான உதவி என்பது ஏற்பாடு. பணத்துடன் ஊழியர்களின் நேரத்தையும் அறிவையும் அளிப்பது அதன் உயிர்நாடியாக அமைந்தது.

வாகன அணிகளைப் பராமரிக்கும் முறை, கிடங்கு மேலாண்மை, விமானப் போக்குவரத்து, கணக்கின் வெளிப்படைத்தன்மை ஆகியவற்றில் நிறுவனத்தின் வல்லுநர்கள் உலக உணவுத் திட்டத்தாருடன் அமர்ந்து பணியாற்றினார்கள். பள்ளி மாணவர்க்கு உணவளிக்கும் திட்டங்களுக்கும் ஊழியர்கள் தன்னார்வலர்களாகச் சென்றார்கள். ஆழிப்பேரலை தாக்கியபொழுது இவ்விரு தரப்பாரும் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருந்தனர். யாரிடம் என்ன இருக்கின்றது, யாரை அழைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எனவே இந்தோனேசியாவில் விமானங்களையும் லாரிகளையும் கிடங்குகளையும் விரைந்து ஏற்பாடு செய்ய முடிந்தது.

அந்த அனுபவத்தின் பயனாக 2005ஆம் ஆண்டு டாவோஸ் நகரில் கூடிய உலகப் பொருளாதார மன்றத்தில் மற்றொரு திட்டம் கருக்கொண்டது. போட்டியாளர்களான அஜிலிட்டி, டி.என்.டி., யு.பி.எஸ். ஆகிய நிறுவனங்கள் பேரிடர்க் காலத்தில் ஒன்றாக நின்று தம் வல்லுநர்களை வழங்குவதென்பதே அத்திட்டம். போக்குவரத்து அவசரகாலக் குழுக்கள் எனப்படும் இவர்கள் 2010ஆம் ஆண்டில் ஹைத்தி நிலநடுக்கத்தின்போதும், அதே ஆண்டு பாகிஸ்தான் பெருவெள்ளத்தின்போதும் களமிறங்கினார்கள். சந்தையில் ஒருவரையொருவர் முந்தத் துடிப்பவர்கள், மக்களின் துயர வேளையில் ஒரே கிடங்கில் தோளோடு தோள் நின்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நீல நிறப் பெட்டியில் ஒரு மருத்துவமனை

தொழிலறிவுள்ளவர் களத்திற்குச் சென்றால் அலுவலகத்திலிருந்து காண முடியாததையும் காண்பார். அதற்குச் சான்றாகத் தென்னாப்பிரிக்கப் பகுதியின் நெடுஞ்சாலைகளைக் கூறலாம்.

அங்கு உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில் தானியம் இருந்தது, லாரிகளும் இருந்தன. ஓட்டுநர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எய்ட்ஸ் நோய் அவர்களைக் கொள்ளை கொண்டது. வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, எல்லைச் சாவடிகளில் நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் தொழில் அவர்களுடையது. பகலில் வண்டி ஓட்டுவோர் பகலில் மட்டுமே திறந்திருக்கும் மருத்துவமனைக்கு எவ்வாறு செல்வர்? செல்லினும் அடுத்த வாரம் வேறொரு நாட்டில் இருப்பாரே, அங்கு அவருடைய நோய்க்குறிப்பு எவரிடம் இருக்கும்?

2005ஆம் ஆண்டில் மலாவி நாட்டின் எல்லை ஊரான முவான்சாவில் டி.என்.டி.யும் உலக உணவுத் திட்டமும் இணைந்து முதல் சாலையோர நலவாழ்வு மையத்தைத் தொடங்கின. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டியே மருத்துவமனையாக மாற்றப்பெற்று நீல வண்ணம் பூசப்பெற்றது. லாரிகள் வந்து நிற்கும் இடத்திலேயே, ஓட்டுநர்கள் ஓய்ந்திருக்கும் மாலை நேரத்தில் அது திறந்திருந்தது. இதை விரிவாக்க ‘நார்த் ஸ்டார்’ என்னும் தனி அமைப்பு உருவாயிற்று. பிற நாடுகளின் நெடுஞ்சாலைகளிலும் இத்தகைய மையங்கள் எழுந்தன.

ஆர்டெக் என்னும் நெதர்லாந்து மென்பொருள் நிறுவனம் இப்பணியில் தன் திறனைச் சேர்த்தது. போக்குவரத்து வழிகளைக் கணிதத்தால் திட்டமிடுவது அதன் தொழில். அடுத்த மையத்தை எந்த ஊரில் அமைத்தால் மிகுதியான ஓட்டுநர்கள் பயன்பெறுவர் என்பதைக் கணக்கிடும் மென்பொருளை அது உருவாக்கியது. ஓட்டுநரின் மருத்துவக் குறிப்பு வழியிலுள்ள எந்த மையத்திலும் கிடைக்கச் செய்யும் மின்னணு முறையும் உருவாயிற்று. மேலே நாம் எழுப்பிய இரண்டாம் வினாவிற்கு இதுவே விடை. இம்மென்பொருளாளர்கள் ஆளுக்கொரு தொகையை நன்கொடையாக அளித்திருந்தால் சில மாதங்களுக்கான மருந்து கிடைத்திருக்கும். அவர்கள் தம் தொழிலை அளித்ததால், குறைந்த மருந்தும் உரிய இடத்தில் உரியவரைச் சென்றடைய வழி பிறந்தது.

நிறுவனம் மறைந்தது, அறிவு தங்கியது

2011ஆம் ஆண்டு டி.என்.டி. நிறுவனம் அஞ்சல் பிரிவாகவும் விரைவுப் பொதிப் பிரிவாகவும் இரண்டாக உடைந்தது. விரைவுப் பொதிப் பிரிவான டி.என்.டி. எக்ஸ்பிரஸை 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கும் தொண்டிற்கு இது எச்சரிக்கை. உரிமையாளர் மாறலாம்; தலைவர் ஓய்வு பெறலாம்; இலாபம் சுருங்கலாம். அன்று தொண்டு என்னவாகும்?

இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றோம். டி.என்.டி. எக்ஸ்பிரஸ், ஆர்டெக், நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து பொதிகளை அனுப்பும் வழிகளைக் கணித முறையில் சீரமைத்தன. 2008 முதல் 2011 வரை அதனால் 20.7 கோடி யூரோ மிச்சமாயிற்று. செயல்முறை ஆய்வியல் துறையின் உயரிய விருதான ஃபிரான்ஸ் எடல்மன் விருது 2012ஆம் ஆண்டு அதற்குக் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டில், அதே விருது உலக உணவுத் திட்டத்திற்கு வழங்கப்பெற்றது. அதிலும் டில்பர்க் பல்கலைக்கழகம் பங்கேற்றிருந்தது.

உலக உணவுத் திட்டம் எதற்காக அவ்விருதைப் பெற்றது? ‘ஆப்டிமஸ்’ என்னும் கணித முறைக்காக. அது செய்யும் வேலையை எளிமையாகக் கூறலாம். ஒரு நாட்டில் பசித்திருக்கும் குடும்பங்களுக்கு இவ்வளவு மாவுச்சத்து, இவ்வளவு புரதம், இவ்வளவு இரும்புச்சத்து வேண்டும் என்பது கணக்கு. கோதுமையா அரிசியா, எந்தப் பருப்பு, எந்த எண்ணெய், எந்த நாட்டில் எந்த மாதம் வாங்குவது, எந்தத் துறைமுகத்தில் இறக்குவது, எந்தச் சாலையில் அனுப்புவது, பொருளாகக் கொடுப்பதா பணமாகக் கொடுப்பதா என ஆயிரக்கணக்கான தெரிவுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. தனித்தனி அலுவலர் தனித்தனியே முடிவெடுத்தால் ஒருவரின் சிக்கனம் மற்றவரின் செலவாகிவிடும். இவை அனைத்தையும் ஒருங்கே வைத்து, ஊட்டம் குறையாமல் செலவைக் குறைக்கும் வழியைக் கணினி கண்டு சொல்கின்றது. ஒரு பொதியை விரைவாகவும் மலிவாகவும் அனுப்பக் கற்ற அதே வகை அறிவு இங்குப் பசித்தவரின் தட்டிற்கு வந்து சேர்ந்தது. டி.என்.டி.யின் பெயர்ப்பலகை இறங்கிய பின்னும் அவ்வறிவு உலக உணவுத் திட்டத்தின் அலுவலகத்திற்குள் உயிரோடு இருந்தது. கொடை நிலைத்ததற்கு அடையாளம் இதுவே.

ஒரு மாதப் பயணம்

எல்லாக் கூட்டணியும் இவ்வாறு பல்லாண்டுகள் நீடிப்பதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் குறுகிய காலப் பயணங்களையே ஏற்பாடு செய்கின்றன. அவற்றுள் பெயர்பெற்றது ஐ.பி.எம். நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய பெருநிறுவனச் சேவைப் படை. முதலாண்டில் ருமேனியா, துருக்கி, வியட்நாம், பிலிப்பைன்ஸ், கானா, தான்சானியா ஆகிய நாடுகளுக்குக் குழுக்கள் சென்றன. பல நாடுகளையும் பல துறைகளையும் சேர்ந்த பத்துப் பேரளவில் ஒரு குழு. மூன்று மாதம் முன்தயாரிப்பு, ஒரு மாதம் களப்பணி, திரும்பிய பின் இரண்டு மாதம் தொடர்பணி என்பது திட்டம்.

நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலத்தில் கருவுற்ற தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் அளிக்கும் திட்டமும், வறிய குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டமும் அரசால் வகுக்கப்பெற்றிருந்தன. பயனாளிகளைப் பதிவு செய்து அடையாளம் காணும் முறையை அமைப்பதில் ஐ.பி.எம். குழுக்கள் துணைநின்றன. திட்டம் அம்மாநிலத்தாருடையது, வந்தவர்கள் தந்தது அதற்கு வேண்டிய கருவியறிவு.

மருந்து நிறுவனமான ஃபைசர் 2003ஆம் ஆண்டிலும், கிளாக்சோ ஸ்மித்கிளைன் 2009ஆம் ஆண்டிலும் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஊழியர்களை அனுப்பும் திட்டங்களைத் தொடங்கின. எஸ்.ஏ.பி. என்னும் ஜெர்மானிய மென்பொருள் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் சமூக ஓய்வுப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று வந்து பயணங்கள் முடங்கியபொழுது, இத்தகைய பணிகள் பலவும் இணையவழிக்கு மாறின.

கொடுப்பவருக்கு என்ன கிடைக்கின்றது?

வணிக நிறுவனம் காரணமின்றிச் செலவு செய்வதில்லை. இதை நாம் குற்றமாகக் கூறவில்லை. வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றே கூறுகின்றோம். ஐ.பி.எம். தன் திட்டத்தின் பயன் மூன்று என்று தானே அறிவித்தது. உதவி பெறும் சமூகத்திற்கு ஒரு பயன். செல்லும் ஊழியருக்குத் தலைமைப் பயிற்சி என்னும் பயன். வளரும் சந்தைகளை அறிந்துகொள்வது நிறுவனத்திற்குரிய பயன். மின்சாரம் விட்டுவிட்டு வரும் ஊரில், மொழி தெரியாத மக்களிடையே, அதிகாரம் எதுவுமின்றி ஒரு பணியை முடித்துத் திரும்பும் ஊழியர், வகுப்பறைப் பயிற்சியால் பெற முடியாத முதிர்ச்சியைப் பெறுகின்றார். அதற்காகவே சில நிறுவனங்கள் இதைத் தலைமைப் பயிற்சிப் பிரிவின் கீழ் வைத்திருக்கின்றன.

கவலை எங்கே எழுகின்றது என்றால், ஊழியரின் பயிற்சியே முதன்மையாகி, உதவி பெறும் நிறுவனம் பயிற்சிக்கூடமாகச் சுருங்கிவிடும்போதுதான். சிறிய மருத்துவமனை ஒன்றிற்கு நான்கு வல்லுநர்கள் ஒரு மாதம் வருகின்றார்கள் என்றால், அவர்களுக்கு விளக்கம் சொல்ல, ஆவணங்களை எடுத்துத் தர, மொழிபெயர்க்க, அங்குள்ள செவிலியரும் எழுத்தரும் தம் வேலையை விட்டு வர வேண்டும். வல்லுநர்கள் அழகிய அறிக்கையைத் தந்துவிட்டு விமானம் ஏறுகின்றார்கள். அறிக்கை கூறும் மென்பொருளை இயக்க எவருக்கும் தெரியவில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்தப் பணமும் இல்லை. இலவசமாக வந்த உதவிக்கு அம்மருத்துவமனை தன் ஊழியரின் ஒரு மாத நேரத்தை விலையாகக் கொடுத்திருக்கின்றது. அந்த ஒரு மாதத்தில் கவனிக்கப்படாதவர்கள் நோயாளிகள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் இங்கு நோக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் அளிக்கும் இலவசச் சேவைக்கு விலை மதிப்பிட்டு அந்த 2 விழுக்காட்டில் சேர்க்க இயலாது என்று ஒன்றிய அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கத்தில் தெளிவுபடுத்தியது. இதனால் இத்தகைய தொண்டு குறையும் என்பாரும் உளர். ஆனால், ஊழியரின் நேரத்திற்குப் பெருமதிப்பு எழுதிக் கணக்கை நேர்செய்துவிட்டு, தர வேண்டிய பணத்தைத் தராமல் விடும் வழியை இது அடைத்திருக்கின்றது என்றும் கொள்ளலாம். பணம் தேவைப்படும் இடத்தில் திறன் பணத்திற்கு மாற்றாகாது.

பெறுபவர் கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, உதவி பெறும் எந்த நிறுவனமும் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டியவை நான்கு என்று நாம் கருதுகின்றோம்.

முதலாவது, தேவையை உணர்ந்து கேட்டவர் யார்? நிறுவனம் தன்னிடம் உள்ளதைத் தர விரும்புகின்றதா, நாம் நமக்கு வேண்டியதைக் கேட்டிருக்கின்றோமா? கிராஸ் ரிவரில் திட்டம் முன்னரே இருந்தது. உதவி பின்னர் வந்தது. அந்த வரிசை மாறலாகாது.

இரண்டாவது, வருபவர் தம் சொந்தத் தொழிலைத்தான் தருகின்றாரா? விற்பனைப் பிரிவில் பணியாற்றுபவர் நம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்க வந்தால் அவருடைய நல்லெண்ணத்தை மதிப்போம். ஆயினும் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரின் வகுப்பை அவருக்காக நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, வேலையின் எல்லை எழுதப்பெற்றிருக்கின்றதா? அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு ஆரன் ஹர்ஸ்ட் தொடங்கிய டாப்ரூட் அறக்கட்டளை, வணிகத் துறையினரின் தொழில்திறனைத் தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகக் கொண்டு சேர்ப்பதையே தன் பணியாகக் கொண்டது. விலை கொடுத்துப் பெறும் பணிக்கு எவ்வாறு தொடக்கமும் முடிவும் பொறுப்பாளரும் குறிக்கப்பெறுமோ, அவ்வாறே இலவசப் பணிக்கும் வரையறை வகுத்து அது நடத்தியது. இலவசம் என்பதற்காக வரையறையைத் தளர்த்தினால், இருதரப்பாரும் ஒருவரையொருவர் குறைகூறிப் பிரிவதே மிச்சமாகும்.

நான்காவது, அவர்கள் போன பின் இதை நடத்துபவர் யார்? நம்மவரில் ஒருவர் முதல்நாள் முதலே அவர்களுடன் அமர்ந்து கற்றாரா? அவருடைய பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அந்த உதவியைச் சற்றுத் தள்ளிவைப்பது நல்லது.

இந்நான்கையும் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று சிலர் தயங்குவர். கொடுப்பவர் முன் கைகட்டி நின்று பழகிய மனத்தின் தயக்கம் அது. தேவையைத் தெளிவாக எழுதித் தரும் நிறுவனத்தையே நல்ல வல்லுநர் விரும்புவார். மருத்துவரிடம் செல்பவர் எங்கே வலிக்கின்றது என்று சொல்லத்தானே வேண்டும்?

செல்லும் இளைஞர்களுக்கு

நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். தங்கள் நிறுவனம் இத்தகைய பணிக்கு அழைத்தால் தயங்காது செல்லுங்கள். சென்ற இடத்தில் முதல் வாரம் கேட்பதற்கே செலவிடுங்கள். முவான்சாவின் எல்லைச் சாவடியில் லாரி ஓட்டுநரின் ஒருநாள் வாழ்க்கையை அறிந்தவர்களே, மருத்துவமனை மாலையில் திறந்திருக்க வேண்டும் என்பதை உணர்ந்தார்கள். அந்தச் செய்தி எந்தப் பாடநூலிலும் எழுதப்பெற்றிருக்கவில்லை, ஓட்டுநர்களிடம் இருந்தது. உள்ளூர் மக்கள் அறிந்ததும் நீங்கள் கற்றதும் சேரும்போதுதான் பயன் விளையும்.

ஐக்கிய நாடுகள் அவை 2015 செப்டம்பரில் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. வறுமை ஒழிப்பில் தொடங்கும் அப்பட்டியலின் இறுதி இலக்கு கூட்டாண்மை. நிதி மட்டும் போதாது, அறிவும் தொழில்நுட்பமும் திறனும் பகிரப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விலக்குகளை எட்டக் குறித்த ஆண்டு 2030. இதை நினைவிற்கொண்டே 2026ஆம் ஆண்டை நிலையான வளர்ச்சிக்கான பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக அவையின் பொதுச்சபை 2023 டிசம்பரில் அறிவித்தது.

ஆண்டுகள் அறிவிக்கப்பெறும், விழாக்கள் நடைபெறும், புகைப்படங்கள் வெளியாகும். அவை எல்லாம் அடங்கிய பின் ஓர் ஊரின் செவிலியரால், எழுத்தரால், கிடங்குக் காப்பாளரால் முன்பு செய்ய இயலாத எந்த வேலையை இன்று தாமே செய்ய முடிகின்றது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால் அந்தத் தொண்டு நடைபெற்றிருக்கின்றது என்று பொருள்.